டிசம்பர் 24, இரவு பத்து மணி: பன்னிரண்டில் ஒரு பங்கு

கசகசாவின் ஒரு மணி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இருக்கும். அதை எடுத்து, நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக நான் களிமண்ணில் செய்யும் பொம்மை வீட்டு அச்சு முறுக்கில் எள்ளாகப் பதித்தால், அந்த வீட்டுக் கணக்கில் அது 12 மில்லிமீட்டர். கொண்டைக்கடலையைவிடப் பெரிது. படம் எடுத்துப் பார்க்கும்போது எங்கே தப்பு என்று சட்டென்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஒப்புக்கொள்ளாது. ரவையும் அப்படித்தான், அரை மில்லிமீட்டர் ரவை அங்கே போனால் 6 மில்லிமீட்டர் கல். நான் எள்ளுக்குப் பயன்படுத்துவது மிளகுத்தூளைத் துணியில் சலித்து, கீழே விழும் மாவுக்கும் மேலே நிற்கும் குருணைக்கும் நடுவில் கிடைக்கும் பொடி. எள்ளின் நீளம் 3 மில்லிமீட்டர் என்றால் எனக்குத் தேவை கால் மில்லிமீட்டர். அது கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். புள்ளியாகத் தெரிந்தால் சரி.

பொம்மை வீட்டுக்காரர்களின் பொது அளவு 1:12. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். இதில் பாதி 1:24, அதற்கும் கீழே 1:48, இன்னும் கீழே 1:144. நான் வேலை செய்வது 1:12-இல், பாலிமர் களிமண்ணில், பெரும்பாலும் ஒரே விஷயத்தை: கிறிஸ்துமஸ். நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டின் கிறிஸ்துமஸ்.

முதலில் பொருளைப் பற்றி. களிமண் என்று சொன்னாலும் பாலிமர் களிமண்ணில் மண் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அது பிவிசி பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள், அதை இளக்கி வைக்கும் ஓர் எண்ணெய் போன்ற திரவம், நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொருள். சூடு படும்போது அந்தத் துகள்கள் திரவத்தை உள்வாங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் மேசையில் கிடந்தால் காயாது, அடுப்புக்குள் போனால்தான் இறுகும். மறுபடி மறுபடி சுடலாம். தட்டை முதலில் சுட்டு, மேலே பலகாரத்தை ஒட்டிச் சுட்டு, பிறகு பாகு ஊற்றி இன்னொரு தரம் சுடலாம். மெல்லியதாகச் சுட்டால் வளையும், உடையாது.

நம் பக்கத்தில் பலர் சோள மாவையும் வெள்ளைப் பசையையும் கிளறி வீட்டிலேயே செய்யும் கோல்ட் போர்சலைனில் அழகான வேலை செய்கிறார்கள். மலர்களுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது, உலரும்போது சுருங்கும். 6 மில்லிமீட்டர் முறுக்கு சுருங்கி 5 ஆனால், நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்த கணக்கு. அளவு பிசகாமல் இருக்க வேண்டிய இடத்தில் பாலிமர்தான் கை கொடுக்கிறது, சுடும்போது கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை.

இந்தப் பொருள் பிறந்த கதையில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஒரு பொம்மைக் குடும்பத்துக்குள் வளர்ந்தது என்பது. ஜெர்மனியில் துணிப் பொம்மைகளுக்குப் பேர்போனவர் கேதே க்ரூஸே. பொம்மைத் தலைகள் செய்ய உதவுமா என்று பார்ப்பதற்காக அவருடைய பட்டறைக்கு ஒரு பிளாஸ்டிக் பசை வந்தது. பட்டறை வேலைக்கு அது ஒத்துவரவில்லை. மகள் சோஃபி அதை எடுத்துவைத்துக்கொண்டு நிறம் சேர்த்துச் சிறு உருவங்களும் மொசைக்கும் செய்து பார்த்தார். வீட்டில் அவரை ஃபிஃபி என்று கூப்பிடுவார்கள். 1964-இல் அந்தக் கலவையை எபர்ஹார்ட் ஃபாபர் என்ற நிறுவனம் வாங்கியது. அதுதான் இன்று கடைகளில் கிடைக்கும் ஃபிமோ என்ற பாலிமர் களிமண். பொம்மை செய்பவரின் வீட்டில் ஒதுக்கப்பட்ட பொருள் ஒன்று பொம்மை வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கும் சின்னப் பொருட்களுக்கும் உள்ள உறவு இதைவிட எவ்வளவோ பழையது. 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, பெத்லகேமை மக்கள் கண்முன் கொண்டுவந்தார். அது சின்னதல்ல, உயிருள்ள காட்சி. பின்னால் அது வீட்டுக்குள் வந்தபோது சுருங்கியது. 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் அந்தக் குடில்கள் ஒரு முழு நகரமாகவே விரிந்தன. மனித உருவங்களுக்குச் சுடுமண் தலை, கம்பியும் சணலும் கட்டிய உடல், பட்டுத் துணி. அவர்களைச் சுற்றி மெழுகிலும் சுடுமண்ணிலும் செய்த மீன் கூடைகள், பாலாடைக்கட்டிகள், தொங்கும் இறைச்சித் துண்டுகள், பழங்கள். அங்கே சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் அதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. இயேசு பிறந்த இடத்தில் ஏன் இத்தனை மீன், இத்தனை பழம் என்று கேட்டால், நேப்பிள்ஸ்காரர்களுக்கு அது தங்கள் சந்தையில் பிறந்த குழந்தை. அந்த உணவு வேலையைப் படங்களில் பார்க்கும்போதெல்லாம், நான் செய்வது புதிதல்ல என்று மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

ஜெர்மனியில் இன்னொரு வழக்கம் இருந்தது. நியூரம்பர்க் பக்கத்துப் பொம்மைச் சமையலறைகளைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் வெளியே எடுப்பார்கள். பிள்ளைகள் சில வாரம் விளையாடுவார்கள். பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்து அடுத்த வருடம் வரை பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு பானையோ ஒரு தட்டோ கூடும். நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்து மரப்பாச்சியையும் செட்டியாரையும் எடுத்துப் படியில் வைக்கும் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நியூரம்பர்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் 1639-ஆம் வருடத்து வீட்டின் சமையலறையில் ஒரு சுவர் நிறையத் தட்டுகள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்து வீடு நடத்தக் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதுகிறார்கள். நான் அதில் பார்ப்பது, எந்தப் பாத்திரம் எந்த உயரத்தில் கைக்கு எட்டும் என்று யாரோ யோசித்து மாட்டியிருப்பதை.

சரி, என் வேலைக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸ் மினியேச்சர் என்று தேடினால் வருவது வான்கோழி வறுவல், ஜிஞ்சர்பிரெட் வீடு, மரக்கட்டை வடிவக் கேக், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கைத்தடி மிட்டாய். நான் வேலை கற்றுக்கொண்டதும் அவற்றைச் செய்துதான். ஜிஞ்சர்பிரெட் அருமையான ஆசிரியர். ஓரம் எப்படிச் சிவக்கும், வெள்ளைச் சர்க்கரைக் கோடு எப்படி விளிம்பில் லேசாகத் தடித்து நிற்கும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் அவற்றை வைத்து ஒரு முழு அறை செய்தால், எனக்கு அது யாருடைய வீடு என்றே தெரியவில்லை. நான் வளர்ந்த கிறிஸ்துமஸில் தேங்காய் எண்ணெய் வாசனை உண்டு, இலவங்கப்பட்டை வாசனை கேக் வரும் அன்று மட்டும்தான்.

அதனால் எங்கள் வீட்டுச் சமையலறையைச் செய்யத் தொடங்கினேன். அப்போதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான கேள்வி வந்தது: எந்த நேரம்?

பண்டிகை மினியேச்சர்களில் எனக்குள்ள மனக்குறை இதுதான். எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். மேசையில் முழுக் கேக்கும் இருக்கும், வெட்டிய துண்டும் இருக்கும். அடுப்பில் கொதிக்கும், தட்டில் பரிமாறியும் இருக்கும். பரிசுப் பெட்டி பிரித்தும் பிரிக்காமலும் கிடக்கும். பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் அந்த அறைக்குள் நேரம் ஓடாது. பண்டிகை என்பது நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற ஒன்று இல்லை. அதற்கு மணிகள் உண்டு. தீபாவளி என்றால் விடியற்காலை நாலு மணி வேறு, காலை பத்து மணி வேறு. எண்ணெய்க் கிண்ணமும் மஞ்சள் தடவிய புதுத்துணியும் முதலாவதில் இருக்கும், இரண்டாவதில் வாசல் நிறையச் சிவப்புக் காகிதம். பொங்கலுக்குப் பால் பொங்கும் அந்தச் சில நிமிடம் வேறு, அதே பானை கழுவக் கிடக்கும் மதியம் வேறு. மினியேச்சர் செய்கிறவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு மணியைத் தேர்ந்தெடுப்பது. அதன் பிறகு எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்த மணியே சொல்லிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது டிசம்பர் 24, இரவு பத்து மணி. பலகாரம் சுட்டு முடிந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்கு இன்னும் கிளம்பவில்லை. பிள்ளைகளை எழுப்ப வேண்டும். சமையலறையில் யாரும் இல்லை.

இந்த மணி என் வேலையை எப்படி மாற்றியது என்பதற்கு அடுப்பு ஒரு உதாரணம். எண்ணெய் கொதிக்கிற மாதிரிக் காட்ட வேண்டுமானால் குமிழி வேண்டும், அதற்குப் பலர் நுண்ணிய கண்ணாடி மணிகளைப் போடுவார்கள். பத்து மணிக்கு எண்ணெய் ஆறிவிட்டது. சீனிச்சட்டியில் (எங்கள் பக்கத்தில் வாணலிக்கு அந்தப் பேர்) அசையாமல் கிடக்கிறது, பல ஈடு சுட்ட நிறத்தில், அடியில் கொஞ்சம் எள்ளும் மாவுப் பொடியும் தங்கி. ஜல்லிக்கரண்டி சட்டியின் விளிம்பில் சாய்ந்திருக்கிறது. சட்டியின் அகலம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கருப்புக் களிமண்ணில் கொஞ்சம் பழுப்பு கலந்து, மேலே கரி நிற பேஸ்டல் பொடி பூசிச் சுட்டது.

அதற்குள் நிஜமான எண்ணெயை ஊற்றக் கூடாதா என்று கேட்பார்கள். ஊற்றினால் எண்ணெய் மாதிரி இருக்காது. சட்டியை 12-இல் ஒரு பங்காகச் சுருக்கலாம், திரவத்தின் பரப்பு இழுவிசையைச் சுருக்க முடியாது. சின்னச் சட்டியில் நிஜ எண்ணெய் ஓரத்தில் மேலேறிக் குழிந்து நிற்கும், சொட்டினால் சொட்டு எலுமிச்சம்பழ அளவு இருக்கும். எட்வின் லட்யன்ஸ், அதுதான் புது டெல்லியைக் கட்டியவர், இங்கிலாந்து அரசி மேரிக்காக 1:12 அளவில் ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார். 1924-இல் முடிந்தது, இன்று வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதன் நிலவறையில் இருக்கும் குட்டிக் குப்பிகளில் நிஜ ஒயின். மூடிய குப்பிக்குள் அது சரி. திறந்த சட்டிக்குச் சாயம் ஏற்றிய, ஊற்றிய பின் இறுகும் ரெசின்தான், மெல்லிய அடுக்கு அடுக்காக. இரண்டு அடுக்குக்கு நடுவில் எள் தூவினால் அது அடியில் தங்கியதாகவே தெரியும்.

இனி அச்சு முறுக்கு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிஜத்தில் பித்தளை அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் காய வைத்து, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலில் முக்கால் அளவு முக்கி, திரும்ப எண்ணெயில் விட்டு உதறுவார்கள். மேல் விளிம்பு வரை முக்கினால் அச்சு விடாது. இப்படிச் சுடுவதால் முறுக்கின் ஒரு பக்கம் உருண்டையான வரம்பாகவும், மறுபக்கம் அச்சு இருந்த இடம் மெல்லிய பள்ளமாகவும் இருக்கும். நூறு படங்களில் ஒன்றில்கூட இந்தப் பள்ளத்தைச் செய்தவர்களைப் பார்க்க முடியாது. தட்டில் கவிழ்ந்து கிடக்கும் முறுக்குகளுக்கு மட்டும் நான் ஊசி முனையால் அந்தக் கோட்டை இழுக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

அளவு 6 மில்லிமீட்டர். களிமண்ணை அரை மில்லிமீட்டர் நூலாக இழுத்து, தக்கையில் வட்டமாகக் குத்திய ஊசிகளைச் சுற்றி இதழ் இதழாக வளைத்து, நடுவில் ஒரு சிறு வளையம் வைத்து இணைப்பேன். ஒட்டுவதற்குத் திரவப் பாலிமர் ஒரு துளி. நிறம்தான் உயிர். எண்ணெயில் பொரிந்த எதையும் வெறும் மஞ்சள் பழுப்புக் களிமண்ணில் செய்தால் அது சுவர்ப் பூச்சு மாதிரித்தான் வரும். பொரித்த மாவின் ஓரத்தில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பும். அதற்கு ஒளி ஊடுருவும் களிமண்ணை முக்கால் பங்கு எடுத்து, வெள்ளை கொஞ்சம், காவி மிக மிகக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். இந்தக் கலவை சுட்ட பிறகு ஒரு படி அடர்த்தியாகும், அதனால் சுடுவதற்கு முன் வெளிறித்தான் இருக்க வேண்டும். பிறகு உலர்ந்த பேஸ்டல் குச்சியைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கி, மெல்லிய தூரிகையில் தொட்டு, சுடாத களிமண்ணின் மேல் தடவ வேண்டும். முதலில் தேன் நிறம் எங்கும். அடுத்து செம்பழுப்பு, உயர்ந்து நிற்கிற வரம்புகளில் மட்டும். கடைசியாக அடர் பழுப்பு, இதழின் நுனியில் தொட்டும் தொடாமலும்.

நிறத்தைப் பற்றி இன்னொரு பாடம் எனக்கு அம்மா சொன்னது. ஒரு தட்டு நிறைய முறுக்கைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்ளே. ஆனா எல்லாம் ஒரே சட்டியில ஒரே நேரத்துல வெந்த மாதிரி இருக்கே. முதல் ஈடு வெளுத்துல்லா வரும்?" என்றார். உண்மைதான். முதல் ஈட்டில் எண்ணெய் புதிது, அச்சும் சரியாகக் காய்ந்திருக்காது. கடைசி ஈட்டில் எண்ணெய் கறுத்து முறுக்கும் சிவக்கும். இப்போது நான் மூன்று நிறத்தில் கலவை வைத்துக்கொண்டு, டின்னுக்குள் அடுக்கும்போது வெளுத்தவை அடியிலும் சிவந்தவை மேலேயும் வருகிற மாதிரி வைக்கிறேன். அடியில் இருப்பது வெளியே தெரிவதே இல்லை. தெரியும் இரண்டொன்றுக்கு அது போதும்.

முந்திரிக்கொத்து அதைவிடச் சுலபம், ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். வறுத்த பாசிப்பயற்று மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்ந்த பாகும் தேங்காயும் எள்ளும் கலந்து உருட்டி, அரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பது. ஒரு உருண்டை இரண்டரை மில்லிமீட்டர். உள்ளே கரும்பழுப்பு, வெளியே மஞ்சள் தட்டிய வெளிர் நிறத்தில் திரவப் பாலிமர். அந்த மேல் மாவு உருண்டைகளுக்கு நடுவில் பாலம் போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு பக்கம் சின்னதாக வால் விட வேண்டும். மிகச் சீராக வந்தால் அது கொத்தாகத் தெரியாது, மூன்று பாசிமணி ஒட்டியதாகத் தெரியும். ஒன்றை மட்டும் உடைத்து வைக்கிறேன். யாரோ ருசி பார்த்திருக்கிறார்கள், பலகாரம் சுடும் வீட்டில் அது நடக்கும்.

கேக்கைப் பற்றி ஒரு பிடிவாதம் உண்டு எனக்கு. பிளம் கேக்கை வெட்டிக் காட்டினால்தான் செய்தவரின் திறமை தெரியும்: உலர்ந்த திராட்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் குறுக்கு வெட்டில் மின்னும். ஆனால் பத்து மணிக்குக் கேக்கை யாரும் வெட்டவில்லை. எங்கள் வீட்டில் அப்போது ஓவன் கிடையாது. மாவைக் கலந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்ச் சுட்டு வாங்கி வருவோம். அது பட்டர் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். என் சமையலறையிலும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே கேக் இருக்கிறது, களிமண்ணில் முழுதாகச் செய்தது, மேலே ஒரு இடத்தில் எண்ணெய் ஊறிய மாதிரி காகிதம் கறுத்திருக்கிறது. வெட்டிக் காட்டவில்லையே என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆப்ப மாவும் அப்படியே. விடிந்ததும் ஆப்பமும் கோழிக் கறியும் என்றால், இரவு பத்துக்கு மாவு கரைத்து மூடி வைத்திருப்பார்கள், பாதிதான் பொங்கியிருக்கும். பெரிய பாத்திரத்தில் முக்கால் அளவுக்குக் கீழே மாவு. மேலே சில குமிழிகள், ஊசியால் குத்திய கால் மில்லிமீட்டர்த் துளைகள். நிரம்பி வழிகிற மாவு காட்சிக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது காலை நாலு மணி மாவு. கோழி இந்த அறையில் கிடையவே கிடையாது. கறிக்கடை வரிசை விடிந்த பிறகுதான்.

மேடை ஓரத்தில் நாலைந்து தட்டுகள், மேலே குரோஷா பின்னிய துணி மூடியவை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காலையில் போக வேண்டியவை. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு வந்ததற்கு இது பதில் தட்டு, சிலது அதே தட்டாகவே திரும்பிப் போகும். அதனால் தட்டுகள் ஒரே ஜோடியாக இருக்காது. ஒன்று எவர்சில்வர், ஒன்று எனாமல், ஒன்றின் விளிம்பில் பூ. மினியேச்சர் செட்டாக வாங்கினால் எல்லாம் ஒரே மாதிரி வரும், எனக்கு அது ஆகாது. எவர்சில்வருக்கு அலுமினியம் டேப், எனாமலுக்கு வெள்ளைக் களிமண், விளிம்பில் நீலக் கோடு. வெள்ளைக் களிமண்ணை எப்போதும் முதலில் வேலை செய்ய வேண்டும், கையைத் துடைத்துவிட்டு. சிவப்பைத் தொட்ட விரலால் வெள்ளையைத் தொட்டால் அந்த வெள்ளை திரும்பாது.

நட்சத்திரத்தில் களிமண் இல்லை, ஈர்க்குச்சியைக் கீறிச் சட்டம் கட்டி டிஷ்யூ காகிதம் ஒட்டியது. 60 சென்டிமீட்டர் நட்சத்திரம் இங்கே 5 சென்டிமீட்டர். உள்ளே ஒரு குட்டி எல்இடி, பட்டன் பேட்டரி. சமையலறை ஜன்னல் வழியாகப் பாதி மட்டும் தெரியும்படி வெளியே தொங்குகிறது.

குடில்தான் எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது, கணக்கு அழகாக வந்து விழுந்த இடமும் அதுதான். வீட்டுக் குடிலில் வைக்கும் சூசையப்பர் (மாதாவின் கணவர் யோசேப்பு) சொரூபம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ மனிதனுக்கு அது ஏறக்குறைய 11-இல் ஒரு பங்கு. அதை என் 1:12 வீட்டுக்குள் கொண்டுபோனால் இன்னொரு தடவை 12-இல் ஒரு பங்கு. பெருக்கினால் 1:144-க்குப் பக்கத்தில் வருகிறது. பொம்மை வீட்டுக்குள் வைக்கும் பொம்மை வீட்டுக்கென்று மினியேச்சர்காரர்கள் வைத்திருக்கும் அளவே அதுதான். சூசையப்பர் 12 மில்லிமீட்டர், மாதா அதைவிடக் குறைவு, மண்டியிட்டிருப்பதால். இந்த அளவில் முகம் செய்யக் கூடாது. கண் வைத்தால் கெட்டுவிடும். தலை சாய்ந்திருக்கும் கோணமும் முக்காடு விழும் மடிப்பும் போதும், யார் என்று தெரியும்.

குடிலைச் சுற்றி முளைவிட்ட பச்சை வேண்டும். எங்கள் பக்கம் டிசம்பர் தொடக்கத்தில் தட்டிலோ சிரட்டையிலோ நெல்லோ தினையோ தூவி வைப்பார்கள், கிறிஸ்துமஸுக்குள் விரல் நீளம் வளர்ந்துவிடும். 8 சென்டிமீட்டர்ப் பயிர் இங்கே 7 மில்லிமீட்டர்கூட இல்லை. களிமண்ணில் அவ்வளவு மெலிய இழை நிற்காது. சணல் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கி, கத்தரித்து, பசையில் நட்டேன். இருபது நாள் பயிர் நுனியில் பச்சை, அடியில் வெளுப்பு. அடியைச் சாயத்தில் முக்காமல் விட்டால் அதுவே வந்துவிடுகிறது.

தீவனத் தொட்டி காலி. நள்ளிரவுக்கு முன் பாலன் இயேசுவை வைப்பதில்லை. பாலனைச் செய்திருக்கிறேன், 4 மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு மூடிய டப்பாவில் பஞ்சுக்குள் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் குழந்தையைக் காணோமே என்று கேட்பார்கள். மணியைச் சொல்வேன். கத்தோலிக்க வீட்டுக்காரர்கள் கேட்பதே இல்லை.

இனி செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம். அடுப்பு வெப்பநிலையைப் பாக்கெட்டில் போட்டிருப்பது போலவே வைக்க வேண்டும். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், அரை மணி நேரம். ஸ்கல்பி பிரீமோ என்ற இன்னொரு பிராண்டுக்கு 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு அரை மணி. வீட்டு ஓடிஜி ஓவனின் திருகில் 110 என்று இருந்தால் உள்ளே 110 என்று அர்த்தமில்லை, ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளேயே வைத்துவிடுங்கள். குறைவாகச் சுட்டால் பொருள் பிஸ்கட் மாதிரி ஒடியும். மிக அதிகமாகச் சுட்டுக் கருகவிட்டால் பிவிசி சிதைந்து மூக்கையும் கண்ணையும் எரிக்கும் வாயு வரும். அலுமினியத் தாளால் கூடாரம் போல மூடிச் சுட்டால் வெளிர் நிறங்கள் பழுக்காது. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. இந்த வேலைக்கு எடுத்த கத்தி, உருட்டுக் கட்டை, தட்டு எதையும் திரும்பச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

சென்னை மே மாதத்தில் களிமண் கையில் ஒட்டிக்கொண்டு உருவம் நிற்காது. வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில் தட்டையாக்கிச் சில மணி நேரம் வைத்தால் அதிக எண்ணெயைக் காகிதம் உறிஞ்சும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள், வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். பளபளப்புக்கு நகப்பூச்சு வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் சில மாதத்தில் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அதற்கென்று வரும் வார்னிஷ் அல்லது ரெசின் போதும். சிறு பிள்ளைகள் வரும் வீட்டில் கண்ணாடி மூடி இல்லாமல் வைக்காதீர்கள். அவர்கள் கண்ணுக்கு அது முறுக்கு, வாயில் போடுவார்கள்.

இந்த வருடம் கைமுறுக்கை எடுத்திருக்கிறேன். இரண்டு விரலால் மாவை முறுக்கிக்கொண்டே சுற்றும் அந்த முறுக்கு, முழு அகலம் 8 மில்லிமீட்டருக்குள், அதில் மூன்று சுற்று வர வேண்டும். இரண்டு நூலைப் பின்னினால் கயிறாகத் தெரிகிறது. சித்தி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் பின்னுவதில்லை, ஒரே இழையை ஒவ்வொரு கிள்ளுக்கும் கால் திருப்பு திருப்புகிறார். அதனால் ஓர் இழையைத் தட்டையான நாடாவாக வெட்டி, ஒரு முனையை ஊசியில் குத்தி நிறுத்தி, மறுமுனையை இடுக்கியால் திருப்பித் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறேன். முதல் சுற்று சரியாக வருகிறது. மூன்றாவது சுற்றில் நாடா அறுந்துவிடுகிறது, சென்னைச் சூட்டில் களிமண் அவ்வளவு இழுவை தாங்காது. கொஞ்சம் கெட்டியான களிமண்ணைக் கலந்து, அதிகாலையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தால் நிற்கும் என்று நினைக்கிறேன். டின்னில் மேல் வரிசையில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.